ராத்திரி பதினோரு மணி போன்: நம்ம பையனுக்குச் சிபாரிசு, அடுத்த பையனுக்கு அடியா?

தோழர்களே,

கட்சியில் பத்து வருஷம் இருந்த யாருக்கும் இந்த போன் புதுசு இல்லை. ராத்திரி பதினோரு மணி. "அண்ணே, நம்ம தெருப் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கண்ணே. பதினாறு வயசுதான் ஆகுது. அவங்க அம்மா வாசல்ல நின்னு அழுதுக்கிட்டு இருக்குது."

உடனே நாம என்ன செய்றோம்? அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரைத் தெரிஞ்சவர் யாருன்னு தேடுறோம். வட்டச் செயலாளருக்கு ஒரு போன், அவருக்குத் தெரிஞ்ச வக்கீலுக்கு ஒரு போன், வக்கீலுக்குத் தெரிஞ்ச ஏட்டுக்கு ஒரு போன். "சார், நம்ம பையன்தான், ஏதோ சேர்க்கை சரியில்லை, மிரட்டி விட்டுடுங்க." சில நேரம் விட்டுடுவாங்க. மறுநாள் அந்தக் குடும்பம் நமக்கு நன்றி சொல்லும். நாமும் மக்கள் பணி செஞ்சதா நினைச்சுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுவோம்.

இந்தப் பதிவு அந்தப் பழக்கத்துக்கு எதிரானது. கோபப்படாம கடைசி வரை படிங்க.

அன்னிக்கு ராத்திரி அதே ஸ்டேஷன் பெஞ்சில் இன்னொரு பையனும் உட்கார்ந்திருப்பான். அவனுக்காகப் போன் பண்ண ஆளே கிடையாது. அப்பா இல்லாதவனாக இருக்கலாம். வடக்கேயிருந்து வந்து ஓட்டல்ல தட்டு கழுவுறவனாக இருக்கலாம். நம்ம தெருவுக்கு அடுத்த காலனிப் பையனாக இருக்கலாம். நாம கேட்டு வாங்கினது நீதி இல்லை, சலுகை. சலுகை ஆள் பார்த்துத்தான் வரும். போன் வந்த பையன் வீட்டுக்குப் போயிடுவான். கணக்குக் காட்ட ஒரு ஆள் வேணுமே, அது போன் வராத பையன் தலையில் விழும். இதைத்தான் நாம இத்தனை வருஷமா மக்கள் பணின்னு சொல்லிட்டு இருக்கோம்.

2022 டிசம்பர் கடைசி வாரத்தை மறந்துட்டோமா? தாம்பரத்தில் ரயில்வே பேட்டரி திருடினதா சொல்லி 17 வயசுப் பையன் ஒருத்தனைப் பிடிச்சாங்க. செங்கல்பட்டு அரசு இல்லத்துக்குக் கொண்டு போனாங்க. புது வருஷம் பிறக்கிறதுக்குள்ள அவன் உயிரோட இல்லை. உடம்பெல்லாம் காயம். இல்லத்து ஊழியர்கள் 6 பேர் கைதானாங்க. அவன் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அவனோட பெயரையோ படத்தையோ பரப்பாமல் இருப்பதும் நாம் கேட்கும் நீதியில் ஒரு பகுதிதான். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் கூர்நோக்கு இல்லங்களையும் சிறப்பு இல்லங்களையும் எப்படிச் சீர்படுத்துவது என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு ஒரு நபர் குழு போட்டது. அவர் அறிக்கையும் கொடுத்துவிட்டார். சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருந்த பெயர்ப்பலகை, குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று மாறியும் விட்டது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் பலகைக்குப் பின்னால் இருக்கிற கதவு எந்த அளவுக்கு மாறியிருக்கு? அந்த அறிக்கையின் எந்தெந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வந்தது, எது கோப்பில் தூங்குது என்று சட்டமன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லணும் என்பது நமது முதல் கோரிக்கை. ஆளுங்கட்சி யாராக இருந்தாலும் இதே கேள்விதான். நாமே ஆட்சியில் உட்கார்ந்தாலும் இதே கேள்விதான்.

செங்கல்பட்டில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி வந்தது 1887-ல். இந்தியாவிலேயே முதன்முதலில் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது நம்ம சென்னை மாகாணம், 1920-ல். அதாவது, பிள்ளை தப்பு செய்தால் அவனைப் பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் போடக் கூடாது என்ற அறிவு இந்த மண்ணுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இருந்தது. இன்னிக்கு மேடையில் "முதல் மாநிலம், முன்னோடி மாநிலம்"னு பேசுறவங்க இதையும் பேசலாம். பேசினால் கூடவே செங்கல்பட்டையும் பேச வேண்டி வரும், அதனால பேச மாட்டாங்க.

இப்போ சட்டத்துக்கு வருவோம். நம்மில் பல பேர் நினைக்கிறது, சட்டம் போதலை, புதுச் சட்டம் வேணும் என்று. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ஐ ஒரு தடவை படிச்சுப் பாருங்க. நாம போன் போட்டுக் கெஞ்சிக் கேட்கிற பல விஷயம் அதுல உரிமையாகவே எழுதியிருக்கு.

18 வயது நிரம்பாத யாரையும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது. குழந்தை நல காவல் அலுவலர் அல்லது சிறப்பு இளைஞர் காவல் பிரிவின் பொறுப்பில்தான் அவன் இருக்கணும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தணும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு, குழுமம் கூடலைன்னு சாக்குச் சொல்ல முடியாது. குழும உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தினாலே போதும் என்று சட்டமே சொல்லுது. அந்தக் குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பாங்க. அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கணும்.

ஒன்றிய அரசின் 2016 மாதிரி விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகுது. பையன் செய்ததாகச் சொல்லப்படுவது கொடுங்குற்றம் இல்லை, பெரியவங்களோட சேர்ந்தும் செய்யலைன்னா, எப்.ஐ.ஆரே போட வேண்டாம். பொது நாட்குறிப்பில் பதிவு செய்து, அவனோட குடும்பப் பின்னணி பற்றி அறிக்கை எழுதினால் போதும். கைவிலங்கு கிடையாது. அவனிடம் பேசும் போலீஸ்காரர் யூனிபார்மில் இருக்கக் கூடாது. நம்ம ஊர்ல இது நடக்குதான்னு கேட்டா சிரிப்புதான் வருது. ஆனா சிரிச்சுட்டு விட்டதுதான் நம்ம தப்பு.

ஜாமீன் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க, ஏன்னா இங்கேதான் ஏழைக் குடும்பம் ஏமாறுது. பிள்ளைகள் வழக்கில் ஜாமீனில் விடுவதுதான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகள் கூட்டத்தில் சேருவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதிக்குப் பாதகம் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். அந்தக் காரணத்தையும் எழுத்தில் எழுதணும். "இரண்டு ஜாமீன்தாரர் கொண்டு வா, சொத்து வரி ரசீது கொண்டு வா"ன்னு சொன்னால்தான் பையன் வெளியே வருவான் என்பது இல்லை. ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையில் விடலாம். தகுதியான ஒருவர் பொறுப்பில் விடலாம். ஜாமீன் கிடைச்சும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாம 7 நாள் உள்ளேயே கிடந்தால், அந்த நிபந்தனையை மாற்ற அவனைத் திரும்பக் குழுமத்தின் முன் கொண்டு வரணும். வாடகை வீட்டில் இருக்கிற அம்மாவிடம் இதை யார் சொன்னாங்க? யாரும் சொல்லலை. நாமும் சொல்லலை.

வயசு. இதில் ஒரு சம்பவம் சொல்லணும். எங்க பகுதியில் ஒரு ராத்திரி இப்படித்தான் ஒரு பையனைப் பிடிச்சுட்டுப் போனாங்க. ஊர், ஸ்டேஷன் பேர் வேண்டாம். அம்மா பதறிப் போய் வீட்டில் கைக்குக் கிடைச்ச ஆதார் கார்டை எடுத்துட்டு ஓடியிருக்காங்க. அந்த ஆதாரில் பிறந்த வருஷம் தப்பு. சின்ன வயசில் யாரோ முகாமில் உத்தேசமாகப் போட்டுக் கொடுத்தது. அதன்படி அவனுக்கு 19 வயசு. அதையே எழுதிக்கிட்டாங்க. நாங்க வழக்கம்போல ஆளைப் பிடிச்சுப் பேசினோம், ஒண்ணும் நடக்கலை. விடியற்காலையில் அவனுடைய அக்காவுக்குத்தான் ஞாபகம் வந்தது, டிரங்க் பெட்டியில் எட்டாம் வகுப்பு டி.சி. இருக்குன்னு. அதில் அவனுக்கு 16 வயசு. கட்சிக்காரங்க நாலு பேர் ராத்திரி முழுக்க முழிச்சு செய்ய முடியாததை அந்தக் கசங்கின காகிதம் அரை மணி நேரத்தில் செஞ்சது. அவன் போக இருந்தது பெரியவங்க சிறைக்கு. போனது குழுமத்துக்கு.

சட்டத்தின் 94-வது பிரிவு இதைத்தான் சொல்லுது. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லைன்னா மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லைன்னாதான் எலும்புப் பரிசோதனை. இந்த வரிசையில் ஆதார் கிடையவே கிடையாது.

சரி, என்ன செய்யப் போறோம்?

ஒவ்வொரு கிளையிலும் மூணு பேர். அதில் ஒருத்தர் கட்டாயம் பெண் தோழர், ஏன்னா ஸ்டேஷன் வாசலில் நிற்பது பெரும்பாலும் அம்மாக்கள்தான். வக்கீலாக இருக்கணும்னு அவசியமில்லை. ராத்திரி போன் எடுக்கிறவங்களா இருந்தால் போதும். போன் வந்தா இன்ஸ்பெக்டர் நம்பரைத் தேடக் கூடாது. முதல்ல வீட்டுக்குப் போய் டி.சி., பிறப்புச் சான்று இரண்டையும் எடுக்கணும். போகிற வழியிலேயே இலவச சட்ட உதவிக்கு 15100, குழந்தைகள் உதவிக்கு 1098 இரண்டுக்கும் தகவல் சொல்லணும். ஸ்டேஷனில் கேட்க வேண்டியது மூணே கேள்வி: இங்கே குழந்தை நல காவல் அலுவலர் யாரு? பொது நாட்குறிப்பில் எத்தனை மணிக்கு எழுதினீங்க? எந்தக் குழுமத்துக்கு, எப்போ கொண்டு போறீங்க? குரலை உயர்த்த வேண்டாம். கரை வேட்டி கட்டிட்டுப் போக வேண்டாம். பதிலை ஒரு நோட்டில் நேரத்தோட குறிச்சுக்கிட்டாலே, அந்த ராத்திரி அடி விழுவது பாதி குறையும். இது என் அனுபவம்.

முக்கியமான விஷயம் இதுதான்: போன் ஒரு பையனுக்காக வந்திருக்கும். ஆனா பெஞ்சில் எத்தனை பேர் 18 வயசுக்குக் கீழே உட்கார்ந்திருக்காங்களோ, அத்தனை பேருக்கும் இந்த மூணு கேள்வியையும் கேட்கணும். அவன் எந்தத் தெரு, எந்த சாதி, எந்த மாநிலம், அவங்கப்பா எந்தக் கட்சிக் கொடி கட்டுறார் என்று பார்க்கக் கூடாது. இதை ஒத்துக்க முடியாத தோழர்கள் இந்தக் குழுவுக்குப் பேர் கொடுக்க வேண்டாம். கட்சியில் வேற வேலை நிறைய இருக்கு.

இரண்டாவது வேலை, இல்லங்களைப் பார்ப்பது. நாம நேரா உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. ஆனா போக வேண்டியவங்க போனாங்களான்னு கேட்கலாம். சட்டத்தின் 54-வது பிரிவுப்படி மாவட்ட ஆய்வுக் குழு ஒவ்வொரு இல்லத்துக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது போகணும். போகிறவர்களில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்கணும். திரும்பி ஒரு வாரத்தில் அறிக்கை கொடுக்கணும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்க: கடந்த ஒரு வருஷத்தில் எந்தெந்தத் தேதியில் போனீங்க? மருத்துவர் யாராவது கூட வந்தாரா? குழுமத்தில் சமூகப் பணியாளர் இடம் எத்தனை நாள் காலியா இருந்தது? நாலு மாசம் தாண்டி நிலுவையில் இருக்கிற விசாரணை எத்தனை? பிள்ளைகள் யாருடைய பெயரையும் கேட்க வேண்டாம், எண்ணிக்கையும் தேதியும் போதும்.

நாலு மாசம்னு ஏன் கேட்கச் சொல்றேன்னா, விசாரணையை நாலு மாசத்தில் முடிக்கணும், மிஞ்சிப் போனா இன்னும் இரண்டு மாசம். சிறு குற்ற வழக்கு அதற்குள்ளும் முடியலைன்னா அதோட முடிந்தது, நடவடிக்கை கைவிடப்பட்டதாக அர்த்தம். இது தெரியாம இரண்டு வருஷமா குழுமத்துக்கு அலையற குடும்பம் உங்க வார்டிலேயே இருக்கலாம். காலியிடங்களை நிரப்பச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2018-லேயே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டாச்சு. வந்த பதிலை எடுத்துக்கிட்டுத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்க. 2021 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தின் நடைமுறையில் கலெக்டருக்குப் பொறுப்பு அதிகம். "எனக்குச் சம்பந்தமில்லை"ன்னு அவர் சொல்ல முடியாது.

இப்போ எல்லாரும் மனசுல வெச்சிருக்கிற கேள்வி. "பேட்டரி திருடினவன் சரி. வெட்டினவனுக்கும் இதேதானா?"

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது நமக்குத் தெரியும். கூடப் படிச்ச மாணவர்களே பட்டியல் சமூக மாணவன் வீட்டுக்குள் புகுந்து அவனையும் தங்கச்சியையும் அரிவாளால் வெட்டினாங்க. அன்னிக்கு இரத்தம் படிந்த அந்தப் படிக்கட்டுப் படத்தைப் பார்த்துத் தூங்காதவங்கள்ல நானும் ஒருத்தன். நம்ம பக்கத்திலேயே அன்னிக்கு எத்தனை தோழர்கள் "இவனுங்களுக்கு என்ன சிறார், தூக்குல போடு"ன்னு எழுதினாங்க! அந்தக் கோபத்தைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. வெட்டுப்பட்டவங்க வீட்டுப் பிள்ளைங்களா நின்னு யோசிச்சா எனக்கும் அதே வார்த்தைதான் வாயில வரும்.

ஆனா கட்சி என்ற முறையில் நாம சொல்ல வேண்டியது வேற. முதலில், இந்தச் சட்டம் மன்னிப்புப் பத்திரம் இல்லை. 16-லிருந்து 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்ததாக வழக்கு வந்தால், அவனைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யணும். அதுக்குப் பிறகு வழக்கு குழந்தைகள் நீதிமன்றம் வரை போகலாம். ஜாமீனை மறுக்கவும் வழி இருக்கு. தூக்கும், வெளியே வர வழியே இல்லாத ஆயுளும் மட்டும்தான் கூடாது. இரண்டாவது, அந்தப் பையன் ஒரு நாள் வெளியே வருவான். எப்படி வருவான்? உள்ளே அடி வாங்கி, தன் சாதிக்காகத் தியாகம் செய்த வீரன்னு தானே நம்பி, வாசலில் மாலையோட காத்திருக்கிற பெரிய மனுஷங்க தோளில் ஏறி வரப் போறானா? இல்லை, தான் யாரை வெட்டினோம் என்று விளங்கி, வெட்கப்பட்டு வரப் போறானா? முதல் வகையில் வந்தால் அடுத்த வெட்டு நம்ம வீட்டில்தான் விழும். இல்லங்களுக்குள் நல்ல மனநல ஆலோசகர் வேணும், படிப்பு வேணும், நன்னடத்தை அலுவலர் காலியிடம் இருக்கக் கூடாதுன்னு நாம கேட்பது வெட்டினவன் மேல பாசத்தால இல்லை.

அவன் கையில் கலர் கயிறு கட்டிவிட்ட பெரியவங்களைச் சட்டம் தொடாமல் இருப்பதுதான் உண்மையான ஓட்டை. இதே நீதிபதி சந்துருதான் 2024-ல் மாணவர்களிடையே சாதி வன்முறை பற்றியும் அறிக்கை கொடுத்தார், கயிறு கட்டுவதைத் தடுக்கணும் என்று அதில் பரிந்துரை இருக்கு. அதை எதிர்த்து யார் யார் குதிச்சாங்கன்னு நமக்குத் தெரியும்.

நம்ம குழுவுக்கு ஒரு ஒழுங்கு: இப்படி ஒரு சம்பவம் நடந்தால் முதலில் போக வேண்டியது வெட்டுப்பட்டவங்க வீட்டுக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நிவாரணம் வந்ததா, பாதுகாப்பு இருக்கா, அந்தப் பிள்ளைங்க படிப்பு தொடருதா என்று பார்க்கணும். அங்கே போகாத குழுவுக்கு, குற்றம் சாட்டப்பட்டவன் உரிமையைப் பேச அருகதை கிடையாது.

"பசங்க கெட்டுப் போயிட்டாங்க, நாட்டில் பாதிக் குற்றம் இவனுங்கதான்"னு ஒரு பேச்சு ஓடுது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாடு முழுக்கப் பதிவான வழக்குகள் 58 லட்சத்துக்கு மேல். அதில் சிறார் மேல் பதிவானது சுமார் 30,500. நூற்றுக்கு ஒண்ணுகூட இல்லை. பஸ் கூரையில் பட்டாக்கத்தியோட ஆடுற வீடியோ ஒண்ணை ஆயிரம் தடவை பார்த்தா ஆயிரம் பேர் ஆடின மாதிரி தெரியும்.

வீடியோன்னு சொன்னதும் ஞாபகம் வருது. முகத்தை மறைக்காம பையன்கள் படத்தை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுற தோழர்களே, அது 74-வது பிரிவுப்படி குற்றம். ஆறு மாசம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையாக இருந்தாலும், குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையாக இருந்தாலும் பெயர், படம், பள்ளி, முகவரி எதுவும் வரக் கூடாது. போன வருஷம் நம்ம மாவட்டக் குழு ஒன்றின் பக்கத்திலேயே அப்படி ஒரு படம் ஏறி, இரண்டு நாள் கழிச்சுத்தான் எடுத்தோம். அதற்காக அந்தக் குடும்பத்திடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். இனி அட்மின்கள் கவனம்.

கிராமங்களில் இருக்கிற தோழர்களுக்கு: கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. வர்ற கூட்டத்துக்கே தீர்மானம் கொண்டு போங்க. நம் ஊராட்சியில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியா எப்போ கூடியது, மினிட்ஸ் எங்கே, பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகள் பட்டியல் எங்கே என்று கேளுங்க. ஸ்டேஷன் பெஞ்சுக்கு வர்ற பையன் அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே பள்ளிக்கூடப் பெஞ்சில் இருந்து எழுந்து போயிருப்பான். அப்போ அவனைத் தேடிப் போயிருந்தால் இந்த ராத்திரி போனே வந்திருக்காது. நகரங்களில் பகுதி சபை இருக்கு, அங்கேயும் இதேதான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்துக்கு வரும்போது மூணு பேர் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொண்டு வாங்க. அதைவிட முக்கியம், அதுக்கு முன்னால உங்க தெருவில் வீடு வீடாப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்க: பிள்ளைங்க டி.சி.யையும் பிறப்புச் சான்றையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ராத்திரியிலும் கைக்கு எட்டுற இடத்தில் வைங்க. டி.சி. வாங்காம பள்ளியை விட்டு நின்ற பையன் இருந்தா, அவனோட போய் அதை வாங்கிக் கொடுங்க. இயக்கம் அங்கேயிருந்து தொடங்கட்டும்.

#சிபாரிசுவேண்டாம்_சட்டம்போதும்